வாசலில் ஒட்டாத நோட்டீஸ்

நகராட்சியில் விளம்பரப் பலகைப் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றதும் பத்துப் பேர் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே ஒரு மனுஷன்தான். இடுப்பில் அளவு டேப், கையில் பசை டப்பா, ஸ்கூட்டரில் கட்டிய மடக்கு ஏணி. ஊரே அவரை டேப்பு என்றுதான் கூப்பிட்டது. இருபத்தாறு வருஷத்தில் எந்தக் கடையிலும் ஓசியில் ஒரு டீ குடித்தவர் இல்லை. பலகை அரை அடி கூடினாலும் இறக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் கண்டபடி திட்டுவதை அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு தங்கை. கணவனைப் பறிகொடுத்தவள், படிக்கிற பெண்கள் இரண்டு. புதிதாகக் கட்டிய வணிக வளாகத்தில் கேக் கடை போட்டாள். வாடகை மலிவு என்று பின்பக்கத்து மூலையைப் பிடித்தாள். ஏன் மலிவு என்பது கடை திறந்த பிறகுதான் உறைத்தது. முன்னால் பெரிய மளிகைக்கடை மலை மாதிரி மறித்து நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தையும் குப்பைத்தொட்டிகளையும் தாண்டி வந்தால்தான் இவள் கடை. யார் வருவார்? விற்காததைப் பையில் போட்டு அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவருவாள். முதலில் சின்னப் பையாக வந்தது, போகப்போக இரண்டு கையிலும் இரண்டு பை ஆனது.

"இனிமே நம்ம வீட்ல அடுப்பே பத்த வைக்க வேணாம்" என்று அண்ணி சிரித்தபடி வாங்கி வைப்பாள். தங்கை படி இறங்கியதும் அந்தச் சிரிப்பு போய்விடும்.

வளாகத்து வாசலில் கடைப் பெயர்களைத் தாங்கிய உயரமான கம்பம் ஒன்று இருந்தது. ஆனால் விதிப்படி சாலையைப் பார்த்த கடைக்குத்தான் அதில் இடம். தங்கைக்குச் சாலைப் பக்கம் ஒரு செங்கல்கூடக் கிடையாது. இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகவே விதிவிலக்குக் குழு என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கு விண்ணப்பம் போட்டாள்.

"கெடைச்சிரும்லண்ணா?"

"நியாயமான கேஸ்தான். ஆனா நான் உள்ள ஒரு வார்த்தை பேச மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"உன்னை யாரு பேசச் சொன்னா? எல்லாருக்கும் என்ன செய்வியோ அதைச் செய், போதும்."

விண்ணப்பம் வந்தால், ஆட்சேபம் உள்ளவர்களுக்குத் தெரிய அந்த இடத்தில் பதினைந்து நாள் நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும். விதி கேட்பது ஒரே நோட்டீஸ்தான். டேப்பு மட்டும் எப்போதும் தெருப்பக்கத்து வாசலிலும் இன்னொன்று ஒட்டி, ஃபோட்டோ எடுத்து ஃபைலில் வைப்பார். நாளைக்கு எவனும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாதாம்.

தங்கையின் கடைக் கதவில் ஒன்றை ஒட்டிவிட்டு, இரண்டாவதோடு வாசலுக்கு வந்தார். பசையில் முக்கிய பிரஷ் அப்படியே நின்றது. எதிரே மளிகைக்கடை மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவளுக்காகக் கூடுதலாக ஒட்டினான் என்று யாராவது வாயைத் திறந்தால்? இத்தனை வருஷம் எடுத்த பேர் என்ன ஆவது? காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அட மனுஷா, கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா! இன்னொரு நோட்டீஸ் எதிராளிக்குத்தானே வசதி? பயத்தில் அந்த மரமண்டைக்கு அது எட்டவில்லை.

பதினாறாம் நாள் விசாரணை. கம்பத்தில் இன்னொரு பெயர் ஏறுவதை ஆட்சேபித்து மளிகைக்கடை வக்கீல் எழுந்தார்.

"குப்பைத்தொட்டிக்குப் பின்னால நோட்டீஸ் ஒட்டினா யாருங்க பார்ப்பா? நாங்களே நேத்துதான் பார்த்தோம்."

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, நானும் அதைத்தானே சொல்றேன்! அங்க இருந்தா யார் கண்ணுக்கும் தெரியலன்னுதானே பலகை கேக்கறேன்!"

இரண்டு பேர் சிரித்தார்கள். குழுத் தலைவியாக இருந்த அம்மாள் சிரிக்காமல் டேப்பின் பக்கம் திரும்பினார்.

"எல்லா ஃபைல்லயும் வாசல்ல ஒட்டின ஃபோட்டோ இருக்கு. இதுல மட்டும் ஏன் இல்ல?"

டேப்பு எழுந்து நின்றார். "மேடம், இவங்க... என் தங்கச்சி."

"அப்போ தங்கச்சிக்காக மறைச்சு ஒட்டினீங்கன்னுதானே ஆகுது?" என்றார் தலைவி. விண்ணப்பம் தள்ளுபடி, மறுபடி போட ஒரு வருஷம் ஆக வேண்டும்.

தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கிற கடையா அது? மூன்றாம் வாரம் வாசல் விளக்குக் கம்பத்தில் கையால் எழுதிய பலகை ஒன்று ஏறியது: 'கேக் கடை, பின்பக்கம்'. ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் அண்ணன் வீட்டுக்குப் பையே வரவில்லை. மூன்றாம் நாள் புகார் வந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லி டேப்பு மேலதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"உங்க பிரிவுல வேற யாருய்யா இருக்கா?" என்றார் அவர்.

ஏணியை விரித்தபோது தங்கை மாவு படிந்த ஏப்ரனோடு வந்தாள். தரை சரிவாக இருந்தது. ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போம்மா, நான் பாத்துக்கறேன்."

"விழுந்து கிழுந்து வைக்காத. மேல பாத்துக் கழட்டு."

அவருக்குக் கண்ணீர் மறைத்தது. ஒரு ஆணியைக் கழற்ற ஐந்து நிமிஷம் ஆயிற்று. பலகையோடு அவர் இறங்கி நின்றபோது ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளேயிருந்த பெண் கண்ணாடியை இறக்கினாள்.

"இங்க ஒரு கேக் கடைன்னு போட்டிருந்துச்சே, எந்தப் பக்கம்?"

கையைக் காட்டுவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. டேப்பு அவசரமாகப் பின்பக்கம் கையை நீட்டினார். தங்கை ஏணியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

"அதை இன்னையோட மூடியாச்சுங்க."