சீக்கிரம் நிரம்பிய வண்டி

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் பழைய கார்களை வாங்கி விற்கிற ஒரு யார்டு இருக்கிறது. அங்கே இரண்டு வெள்ளைக் கார்களுக்கு நடுவில் ஒரு பகல் முழுக்க நின்றேன். அந்த ஒரு பகலைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பதினொரு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். மணவாள நகரில் வீடு. காலையில் திருவள்ளூர்ப் பக்கம் மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு, பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபேக்டரியில் விட வேண்டும். சாயங்காலம் அதே மூன்று பேரைத் திரும்பக் கூட்டி வர வேண்டும். வண்டி என்னுடையது இல்லை, ஒரு டிராவல்ஸ்காரருடையது. அவர் தொழிலை மூடப் போகிறேன் என்றார். ஃபேக்டரியிலோ, “நீங்களே வண்டி வாங்கிக்கிட்டா கான்ட்ராக்டை உங்க பேருக்கே மாத்தித் தர்றோம். ஆனா கொஞ்ச தூரமாவது கரண்டுல ஓடுற வண்டியா இருக்கணும். ஒண்ணாம் தேதிக்குள்ள வரணும்” என்று சொல்லிவிட்டார்கள்.

சொந்த வண்டி, சொந்தப் பேரில் வேலை. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தெரு தாண்டியதும், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள். முழுக்கக் கரண்டில் ஓடுகிற கார் வாங்கி, மூன்று பெண்களோடு நடுவழியில் சார்ஜ் தீர்ந்து நின்றால்? அந்த நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் பிளக்-இன் ஹைப்ரிட் என்று ஒரு வகை இருப்பது தெரிந்தது. வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டால் கொஞ்ச தூரம் கரண்டில் போகும். தீர்ந்தால் தானாகவே பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். இரண்டு உயிர் உள்ள வண்டி. கண்டுபிடித்தவரும் என்னை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியாகத்தான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் அந்த வகை வண்டி சுலபத்தில் கிடைக்காது. ஒரு வெளிநாட்டு கம்பெனி, தன் அதிகாரிகள் இருவருக்காக வாங்கிய இரண்டு கார்களை இந்த யார்டுக்கு விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பேட்டரிக்குப் பயந்து யாரும் வாங்காததால் விலை இறங்கிக் கிடந்தது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அண்ணனைக் கூட்டிப் போனேன். என் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

இரண்டு கார்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே வெள்ளை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் மீட்டரில் இருந்தது. ஒன்று முப்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. மற்றது தொண்ணூற்று நாலாயிரம்.

“இதுல யோசிக்க இன்னாம்மா இருக்குது?” என்றார் யார்டு புரோக்கர். “ஒண்ணு கொமரி, ஒண்ணு கெழவி. கொமரியக் கட்டிக்கினு போவியா, கெழவியவா?”

அண்ணன் சிரித்தார். குறைவாக ஓடின காரின் பானெட்டைத் தட்டி, “இதான். முடிச்சுக்கலாம். கையோட அட்வான்ஸக் குடு” என்றார்.

நானும் பையில் கையை விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் அந்தக் காரைத்தான் வாங்குவதாக இருந்தேன். இருக்கிற ஆசையை இன்னும் கொஞ்சம் கிளப்பிவிடலாம் என்று புரோக்கர் டிக்கியைத் திறந்தார். சார்ஜ் போடுகிற கேபிள், கம்பெனியில் ஒட்டின பிளாஸ்டிக் கவருக்குள் அப்படியே இருந்தது.

“பாரு, கவரக்கூடப் பிரிக்கல. அவ்ளோ புதுசு!”

என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

இது டிரைவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. கம்பெனி வண்டிக்குப் பெட்ரோல் கம்பெனிக் கணக்கில் வரும். டிரைவருக்குச் செலவில்லை. அப்புறம் எதற்குக் கேபிளை இழுத்து, பிளக் தேடி, மாட்டி, கழற்றிக்கொண்டு இருக்க வேண்டும்? அதிகாரி மீட்டிங்கில் இருக்கிற மூன்று மணி நேரமும் ஏசியைப் போட்டுக்கொண்டு சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவோம். பேட்டரி காலியாக இருந்தால் அந்த ஏசிக்காக என்ஜின் விட்டு விட்டு உறுமிக்கொண்டே இருக்கும். மீட்டர் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது. நானும் செய்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது? அப்படியென்றால் இந்தக் குமரியின் பேட்டரியை வாங்கின நாளிலிருந்து யாரும் சரியாக நிரப்பவே இல்லை. வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரி எந்த லட்சணத்தில் இருக்கும்?

மற்ற காரின் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். அதிலும் அதே கேபிள்தான், ஆனால் அழுக்கேறிக் கிடந்தது. வளைகிற இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. தினமும் யாரோ மாட்டிக் கழற்றியிருக்கிறார்கள்.

“ரெண்டுக்கும் சார்ஜ் போட்டு, கரண்டுல மட்டும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்” என்றேன்.

“இன்னாம்மா நீ! பொண்ணு பாக்க வர்றவங்ககூட பஜ்ஜி துன்னுட்டு அர மணி நேரத்துல கெளம்பிடுவாங்க. எங்க ஆபீஸ் ஒயரிங் இதத் தாங்காது. நாலு மணிக்கு ஆந்திரா பார்ட்டி வராங்கோ, அவங்களாண்ட குடுத்துருவேன், பாத்துக்க.”

“எட்டாங்கிளாஸ் படிச்சிட்டு இன்ஜினியர் கணக்கா பேசுறா” என்றார் அண்ணன். “எதுக்கெடுத்தாலும் பயம். இவளால பேஜாருதான்.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் அடங்கிவிடுவேன். நாற்பத்து மூன்று வருஷமாக அப்படித்தான் அடங்கியிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ அடங்கவில்லை. மீட்டரைப் பார்த்து வாங்கி, பேட்டரி செத்திருந்தால், ஃபேக்டரி கேட்ட நிபந்தனை முதல் மாதத்திலேயே பொய்யாகிவிடும். கான்ட்ராக்ட் போகும், லோன் மட்டும் மிஞ்சும். அப்போது புரோக்கரும் வர மாட்டார், அண்ணனும் வர மாட்டார். வண்டிக்குள் உட்கார்ந்து அழப்போவது நான் ஒருத்திதான்.

யார்டு சுவரை ஒட்டி, தொழிலாளிகள் சாப்பிடுகிற ஒரு சின்ன கேண்டீன் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மாவு அரைக்கிற பெரிய கிரைண்டரும், அதற்கென்று தனியாகப் பெரிய பிளக்கும் இருந்தன. கேண்டீன் நடத்துகிற பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். எல்லைப் பக்கத்து ஊர், பேச்சில் தெலுங்கு வாடை. விஷயத்தைச் சொன்னேன்.

“மூணு மணிக்கு நான் மாவு போடணும்க்கா. அது வரிக்கும் எடுத்துக்கோ.”

“கரண்டுக்கு எவ்வளவு?”

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “டப்பு கேட்டனா நானு? மொதல்ல நாஷ்டா துன்னு. மொகமே சரியில்ல.”

கேட்டதும் கொடுக்கிறாளே, இவளும் புரோக்கர் ஆளாக இருப்பாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே அவளைச் சந்தேகமாகப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சுவரோரமாக முதலில் குமரியை நிறுத்தி, கேண்டீன் ஜன்னல் வழியாகக் கேபிளை விட்டு மாட்டினோம். அப்போது பத்து மணி. இரண்டு கார்களுக்கும் பேட்டரி சுத்தமாகக் காலி. நிரம்ப மூன்று, மூன்றரை மணி நேரமாவது ஆகும் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஆனால் பதினொன்றரை ஆவதற்குள் முழுசாக நிரம்பியதாகக் காட்டிவிட்டது.

புரோக்கருக்கு வாயெல்லாம் பல். “பாத்தியா, இன்னா ஸ்பீடு! பேட்டரின்னா இதாம்மா பேட்டரி!”

அண்ணனும் தலையாட்டினார். எனக்குமே ஒரு நொடி சந்தோஷமாகிவிட்டது. வீணாக எல்லாரையும் படுத்தி எடுத்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. டம்ளர்களை அள்ள வந்த கேண்டீன்காரப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“அதுக்குள்ள ரொம்பிடுச்சா? எங்க ஊட்டு இன்வெர்ட்டரும் இப்டித்தான்க்கா. சாவப்போற நேரத்துல சட்டுனு ஃபுல்லுன்னு காட்டும். ஃபேன் போட்டா பத்து நிமிஷம்.”

குடம் சின்னதாகிவிட்டால் சீக்கிரம் நிரம்பத்தானே செய்யும்! பவர் கட்டில் வளர்ந்த நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். காருக்குள் இருக்கிறது என்றதும் எனக்கு மறந்துபோயிருந்தது.

கேபிளைக் கழற்றி அடுத்த காருக்கு மாட்டிவிட்டு, குமரியில் மூன்று பேரும் ஏறினோம். கரண்டில் மட்டும் ஓடுவதற்கான பட்டனை அழுத்தி, நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கம் பக்கம் விட்டேன். பூனை நடக்கிற மாதிரி சத்தமே இல்லாமல் போனது. ஒன்பது கிலோமீட்டர்கூட ஆகவில்லை, பானெட்டுக்குள் இருந்து ஒரு உறுமல். என்ஜின் முழித்துக்கொண்டுவிட்டது.

“ஏசி போட்டதால வந்திருக்கும்” என்றார் அண்ணன்.

“ரெண்டாவதுலயும் ஏசி போட்டே ஓட்டுறேன்” என்றேன்.

“பேட்டரி போனா இன்னாம்மா?” என்றார் புரோக்கர். “அதான் பெட்ரோல்ல ஓடுதுல்ல? யாரு வந்து ஒன் பானெட்டத் தொறந்து பாக்கப் போறாங்கோ?”

“நான் பாப்பேன்ல?” என்றேன். அவரிடம் நான் அன்று சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

யார்டுக்குத் திரும்பினதும் அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். “இதோ பாரு, தொண்ணூத்தி நாலாயிரம் ஓடுன கெழட்டு வண்டிக்கு நான் ஜாமீன் போட மாட்டேன். எட்த்தா இத்த எடு, இல்லன்னா ஊட்டுக்குப் போலாம் வா. ஆடி மாசத்துல வண்டி எடுக்கறதே தப்பு, இதுல இது வேற.”

“போடாதண்ணே.”

“இன்னா?”

“கையெழுத்துப் போடாத. வேற யாரையாவது கேக்குறேன். கெடைக்கலன்னா வண்டியே வேணாம். ஆனா மீட்டரப் பாத்து இத்த மட்டும் எடுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டேன். வேறு யாரைக் கேட்பது? யாரும் இல்லை. ஒண்ணாம் தேதிக்கு எட்டு நாள்தான் இருந்தது. மற்ற காரும் பல்லிளித்துவிட்டால் இரண்டும் போச்சு. கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, சார்ஜ் விளக்கு சிமிட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரை, ஒன்றரை, இரண்டரை. அண்ணன் தூரமாக நின்று போனையே நோண்டிக்கொண்டிருந்தார். மெதுவாக நிரம்புவதைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

மூன்று மணி ஆனது. இன்னும் கொஞ்சம் பாக்கி. கேண்டீன்காரப் பெண் ஊறின அரிசியைக் கிரைண்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். நான் எழுந்து கேபிளைக் கழற்றப் போனேன்.

“ஒக்காருக்கா. அரிசி ஓடியா போவும்?” என்றவள், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இருபது நிமிஷத்தில் நிரம்பியது. அண்ணன் வர மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். புரோக்கர் பின்னால் ஏறினார். ஏசியும் ஓடியது. ஒன்பது கிலோமீட்டர் தாண்டியது. ஆரம்பாக்கம் வந்தது, அங்கே திருப்பினேன். திரும்பி யார்டு வாசலில் நிறுத்துகிறவரை என்ஜின் வாயைத் திறக்கவில்லை. அப்போதும் இன்னும் நாலு கிலோமீட்டருக்கு மிச்சம் காட்டியது.

தொண்ணூற்று நாலாயிரமும் என்ஜின் ஓடினது இல்லை, அதில் பாதியாவது கரண்டில் ஓடினதாக இருக்கும் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் பேனாவை வாங்கி, ஜாமீன் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். நான் அட்வான்ஸைக் கொடுத்ததும், “ரயிலுக்கு நேரமாச்சு” என்று ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். என்னோடு வரவில்லை. நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன ஆந்திரா பார்ட்டியும் நான் கிளம்புகிற வரைக்கும் வரவில்லை.

வருஷம் ஒன்று ஓடிவிட்டது. எல்லாம் சுகம் என்று கதை விட மாட்டேன். முன் பக்கத்து சஸ்பென்ஷன் மாற்றினேன், நல்ல செலவு. வீட்டு வாசலில் பெரிய பிளக் வைக்க வயரிங் இழுத்தேன், அதுவும் செலவு. ஆனால் கான்ட்ராக்ட் என் பேரில் இருக்கிறது. காலையில் பாதி வழி வரைக்கும் கரண்டில்தான் போகிறேன். அண்ணன் இப்போதும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில், “கெழவியா பாத்து வாங்கினா” என்று சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அந்த இன்னொரு காரை யார் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. வாங்கினவரும் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கியிருக்க வேண்டுமே என்று மட்டும் அவ்வப்போது கவலைப்படுவேன்.

எல்லாரும் சின்ன வயதிலிருந்து என்னிடம், பயப்படாதே, பயப்படாதே என்றே சொல்லி வந்தார்கள். அன்றைக்குப் பிறகு நான் அந்தப் புத்திமதியைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். நன்றாகப் பயப்படுவேன், பயந்துகொண்டே கேட்பேன், பதில் கிடைக்கிற வரைக்கும் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டேன்.