கிடார மூடி அளவில் ஒரு மனு

எதைக் கையில் கொடுத்தாலும் சிவபாக்கியம் முதலில் அதைப் புரட்டி மறுபக்கத்தைத்தான் பார்ப்பாள். கடிதமோ, கலியாணக் கார்டோ, கடையில் வாங்கிய சட்டையோ, எதுவானாலும் சரி. "என்னடி, சுங்கத்திலயோ வேலை?" என்று கேலி செய்கிறவர்கள் கேலி செய்யட்டும். தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஒரு சாக்கைப் பிந்திப் புரட்டிப் பார்த்தவள் அவள்.

சொந்த ஊர் சாம்பல்தீவு. சண்டையில் வீடு எரிந்தபின், புருஷன் யோகராசாவோடு திருகோணமலைப் பட்டினத்தில் ஏழாம் முகாமுக்கு வந்து, ஒரு மண்டபத்து மூலையைச் சேலையால் மறைத்துக் குடியிருந்தாள். யோகராசா மீன்பிடிகாரர். கடலுக்குப் போகத் தடை. கிழமைக்கு ஒருமுறை கூட்டுறவுச் சங்கக்கடையில் கொடுக்கும் நிவாரண அரிசி மூன்று நாளைக்குக் காணும். மிச்ச நாளெல்லாம் நிவாரணக் கோதம்பமாவில் சுட்ட ரொட்டிதான்.

அந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு மா நின்றுபோயிற்று. சங்கக்கடை மனேஜர் தவராசா கையை விரித்தார். "கப்பல் வரேல்லை அக்கா. வந்தால் தராமல் நானே தின்னப் போறன்?" ஒரு கிழமை போயிற்று, இரண்டு கிழமை போயிற்று. மூன்றாம் கிழமை சபைத் தேர்தல் சூடு பிடித்தது. வேட்பாளர் இராசநாயகத்தின் ஆட்கள் சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச முகாமில் ஆள் தேடினார்கள். நாளுக்கு அறுபது ரூபாய், ஆனால் கூலி தேர்தல் முடிந்த பிறகு. வேறு வழியா இருந்தது? சிவபாக்கியம் போனாள்.

இராசநாயகத்தின் வளவில் ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கக்கூடிய பெரும் பாத்திரமாய் ஒரு கிடாரம். எழுத்து ஒன்றுமில்லாத வெள்ளைச் சாக்குகளில் மா வந்து இறங்கியது. பசை கொதிக்கும்போது ஒரு பிடி மயில்துத்தம் போட வேண்டும் என்பது உத்தரவு. திருகோணமலைத் தெருக்களில் மான்கள் மாடுகளைப் போலத் திரியும். பசை காயமுன் வந்து நக்கிச் சுவரொட்டியைக் கிழித்துவிடும். மயில்துத்தம் நஞ்சு, அது கலந்தால் மான் வாய் வைக்காது. "மான் மட்டுமே? காய்ச்சிற ஆக்களும் வாய் வைக்காயினம்," என்று கதிரையில் சாய்ந்தபடி இராசநாயகம் சொல்லிச் சிரித்தார். ஐயா பகிடி விடுகிறார் என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிறகு எத்தனையோ தரம் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

வெறுஞ்சாக்கு இரண்டைக் கேட்டு வாங்கி வந்து யோகராசாவுக்குப் படுக்க விரித்தாள். ஐந்தாம் கிழமை பசி பொறுக்காமல், சாம்பல்தீவுக் களப்பில் நண்டு பிடித்து வருகிறேன் என்று அவர் தடை போட்டிருந்த பகுதிக்குள் போனார். இரண்டு வெடி கேட்டதாம். யார் சுட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த நாள் உடம்பு வந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த காலை, அவர் படுத்த சாக்கை உதறுவதற்காக உள்பக்கத்தை வெளியே புரட்டினாள். சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது: முகாம் 7.

கப்பல் வந்திருக்கிறது. மா வந்திருக்கிறது. சாக்கைப் புரட்டி, அந்த மாவை அவளிடமே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்! புருஷன் தின்ன வேண்டிய மாவில் தன் கையாலேயே நஞ்சைப் போட்டுக் கிண்டி, அந்த நாசமாய்ப் போவானின் முகத்தை ஊர்ச்சுவரெல்லாம் ஒட்டக் கொடுத்திருக்கிறாள். அவள் அழவில்லை. அழுதால் ஆத்திரம் கரைந்துவிடும் என்று பயந்தாள்.

இராசநாயகம் வென்றார். கூலி கேட்கப் போனவளிடம் "காசு முடிஞ்சுது, பிறகு வா" என்றார்கள். அவள் கிடாரத்தின் மூடியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள். முகாம் கலைந்தபின், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு எதிரே தேத்தண்ணிக் கடை போட்டபோது அந்த மூடிதான் அவளுக்கு மேசை. சாக்கு மடித்தபடி பெட்டிக்குள் கிடந்தது. ஆறு வருஷம் கிடந்தது.

அவளுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் தட்டச்சு இயந்திரத்தோடு இருப்பவள் சுபைதா. கிண்ணியாவிலிருந்து தினமும் 'பாதை' என்கிற மிதவைப் படகில் துறை கடந்து வந்து, கச்சேரிக்கு வரும் சனத்துக்கு மனு அடித்துக் கொடுப்பாள். இரண்டாயிரமாம் ஆண்டு, பாராளுமன்றத் தேர்தல் வருவதற்குச் சில மாதம் முன்பு, கொழும்பிலிருந்து ஒரு குடிமக்கள் குழு அனுப்பிய படிவத்தை அவள் வாசித்துக் காட்டினாள்.

"புதுச் சட்டம் ஒண்டு கேக்கிறாங்க. எலெக்சன்ல நிக்கிறவன் தனக்கு ஆர் ஆர் என்னென்ன குடுத்த எண்டு சனத்துக்கு எழுதிக் காட்டோணும். பொய் எழுதினா பதவி போகும். அதுக்குக் கையெழுத்துச் சேக்கச் சொல்றாங்க."

"பொய் எழுதினால் பதவி போகுமோ?" சிவபாக்கியம் கேத்தலைக் கீழே வைத்தாள். "திருப்பி வாசி சுபைதா."

கையெழுத்து என்றதும் சனம் காததூரம் ஓடியது. ஆமியும் பட்டியல் வைத்திருந்தது, இயக்கப் பெடியளும் பட்டியல் வைத்திருந்தார்கள். இலக்கம் ஒன்றுக்கு நேரே பெயர் எழுத யாருக்குத் துணிவு வரும்? இரண்டு கிழமையாகப் படிவம் வெறுமையாகக் கிடந்தது. மூன்றாம் கிழமை சிவபாக்கியம் ஒரு பெரிய வெள்ளைத்தாளை விரித்து, அதன் மேல் கிடார மூடியைக் கவிழ்த்துச் சுற்றிவரப் பென்சிலால் கோடு இழுத்தாள்.

"இந்தா, வட்டம். இதில முதலாம் பேரும் இல்லை, கடைசிப் பேரும் இல்லை. ஆரைப் பிடிக்கிறதெண்டு பிடிக்கிறவன்தான் மண்டையை உடைக்கோணும்." பிறகு இன்னொன்றும் சேர்த்தாள். "அவை எழுதோணுமெண்டு கேக்கிற நாங்கள் முதலில எழுதுவம். போன தேர்தல்களில எங்களுக்கு என்ன கிடைச்சது? பேருக்குக் கீழ அதையும் போடுங்கோ."

இதென்ன நேர்மையான மனுசி என்று சனம் வியந்தது. நேர்மையாவது மண்ணாங்கட்டியாவது! அது அவள் வைத்த பொறி. 'உடுக்கச் சறம் ஒன்று' என்று ஒருவர் எழுதினார். 'சாராயம் அரைப் போத்தல், அதிலும் பாதி மச்சான் குடித்தது' என்று இன்னொருவர் எழுத, கச்சேரி வாசல் சிரித்தது. வட்டம் நிறையத் தொடங்கியது.

ஒருநாள் தவராசா வந்தார். தொண்ணூற்று நாலில் சபைத் தேர்தல் முடிந்த அடுத்த மாதமே மாக் களவைத் தவராசாவின் தலையில் கட்டி வேலையிலிருந்து தூக்கியவரும் அதே இராசநாயகம்தான். மூன்று நாள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர், நாலாம் நாள் பேனையைக் கேட்டார். 'ஏழாம் முகாமின் மா நாற்பது மூட்டை, இராசநாயகத்தின் பசைக்கு நான் கொடுத்தது. சாக்கைப் புரட்டச் சொன்னதும் அவரே.' எழுதி முடித்து அழுதார்.

"அழாதையுங்கோ. உங்களை நான் மன்னிக்கேல்லை," என்றாள் சிவபாக்கியம். அவருடைய எழுத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் எழுதும் இடத்தை விட்டுவைத்தாள்.

இராசநாயகம் இந்தமுறை பாராளுமன்றத்துக்கு நின்றார். 'கறைபடாத கை' என்று சுவரெல்லாம் அவர் முகம். கச்சேரி வாசலில் ஊரே கையெழுத்துப் போடுகிறது, ஐயா மட்டும் போடவில்லை என்ற கதையை அவருடைய ஆட்களின் காதில் விழுமாறு சிவபாக்கியமே பரப்பினாள். ஒரு காலை படப்பிடிப்பாளரோடு வந்து இறங்கினார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தவராசாவின் எழுத்தின் மேல் ஒரு பீங்கான் கோப்பையை வைத்திருந்தாள். காட்டிய இடத்தில் பெயரைச் சுழித்து எழுதினார்.

"கீழ என்ன கிடைச்சதெண்டும் எழுதுங்கோ ஐயா. எல்லாரும் எழுதினவை."

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் சிரித்தபடி எழுதினார்: 'ஒன்றுமில்லை. எவரிடமும் எதுவும் வாங்கவில்லை.' படம் பிடித்தாயிற்று. சிவபாக்கியம் கோப்பையை எடுத்தாள். சுபைதா பக்கத்து எழுத்தைக் கணீரென்று வாசித்தாள். பெட்டிக்குள் கிடந்த சாக்கு கிடார மூடியின் மேல் விரிந்தது, சிவப்பு எழுத்து வெளியே தெரிய. இராசநாயகம் தாளைப் பறிக்கக் கையை நீட்டினார். முகாமில் பசி கிடந்த சனம் அவருக்கும் தாளுக்கும் நடுவில் வந்து நின்றது.

மூலத்தாள் கொழும்புக்குப் போயிற்று. கிடைத்தது என்று ஒரு வரிக் கடிதம் வந்தது, சட்டம் வரவில்லை. அவள் அதை மட்டும் நம்பி இருக்கவில்லை. சொந்தக் காசில் மா வாங்கி, மயில்துத்தம் ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகப் போட்டுப் பசை காய்ச்சினாள். மனுவின் போட்டோப் பிரதிகளைப் பட்டப்பகலில், இராசநாயகத்தின் முகம் சிரித்த ஒவ்வொரு சுவரிலும், அந்தச் சிரித்த வாயின் மேலேயே ஒட்டினாள். ஒரு மான்கூடக் கிட்ட வரவில்லை.

கடைசிப் பிரதியை அவருடைய வீட்டுப் படலையில் ஒட்டும்போது அவரே வெளியே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"அம்மா, உங்களுக்கு என்ன வேணும்? எவ்வளவெண்டாலும் சொல்லுங்கோ, தாறன்."

சிவபாக்கியம் தூரிகையைப் பசை வாளிக்குள் தோய்த்தாள்.

"அஞ்சு கிழமை மா வேணும் ஐயா. ஆனால் இப்ப வேண்டாம். தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாசி மாசம், அந்த மனிசன் நண்டுக்குப் போறதுக்கு முதல் நாள் தாங்கோ."

அவள் தாளின் நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து ஒட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.