கருவாட்டுப் பைக்கற்றில் ஒரு முகம்

கலிஸ்ரா படம் வரையும் கொப்பியோடு வந்து குந்தினால், இன்றைக்கு யாரோ ஒருத்தியின் முகம் அகப்படப்போகிறது என்று முல்லைத்தீவுக் கரையில் கருவாடு காயவைக்கும் பெண்களுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு இருபத்தாறு வயது. சுனாமி வீட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு தாயோடு தகரக் கொட்டிலில் இருந்தாள். காலையில் மீன் வெட்டுவாள். வெயில் ஏறியதும் பென்சிலை எடுப்பாள்.

அவள் அதிகம் வரைந்தது றோஸ்மேரியக்காவைத்தான். அலை றோஸ்மேரியைப் பனையோடு அடித்து, முன்பல் இரண்டை உடைத்துப்போட்டிருந்தது. இளைய மகனையும் கொண்டுபோயிருந்தது. ஆனாலும் சிரிக்கும்போது அவள் வாயைப் பொத்துவதில்லை. அந்த ஓட்டைச் சிரிப்பை வரைவதில் கலிஸ்ராவுக்குத் தனி விருப்பம்.

2006ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வவுனியாவிலிருந்து கருவாடு எடுக்க வந்த முதலாளி யோகலிங்கம் அந்தக் கொப்பியைப் புரட்டினார். றோஸ்மேரியின் படத்தில் விரலை வைத்தார்.

"தங்கச்சி, இந்த அக்காவைப் பைக்கற்றில போடுவம். லண்டன், கனடாவுக்கெல்லாம் அனுப்பப் போறன். வவுனியாவுக்கு வாங்கோ, கொம்பியூட்டரில ஏத்துவம்."

கலிஸ்ரா றோஸ்மேரியிடம் கேட்டாள்.

"என்ர மூஞ்சையோ? சனம் பயந்து கருவாட்டை எறிஞ்சுபோடும்," என்று சிரித்த றோஸ்மேரி, "சரி, போடடி," என்றாள்.

வவுனியாவில் முதலாளி அவளைக் கூட்டிப்போனது, கலியாணக் காட் அச்சடிக்கும் செல்வராசாவின் கடைக்கு. அவர் படத்தை ஸ்கேன் பண்ணித் திரையில் போட்டபோது, பென்சில் கோடெல்லாம் மயிர் மயிராகப் பிரிந்து தெரிந்தது. அதன் மேல் மவுஸால் புள்ளி குத்திக் குத்திக் கோட்டை வளைத்தெடுக்கக் காட்டிக் கொடுத்தார். அரை நாளில் கலிஸ்ராவுக்குக் கை பழகிவிட்டது. பிழைத்த கோட்டை அழிக்க றப்பர் தேவையில்லை. ஒரு தட்டில் கன்னம் முழுக்க நிறம் நிறைந்தது. சொந்தக்காரர் வீட்டில் மூன்று நாள் தங்கி, சாப்பாட்டையும் மறந்து வேலை செய்தாள்.

இரண்டாம் நாள் செல்வராசா சொன்னார்: "தங்கச்சி, சின்னனா அடிக்கேக்க இந்த ஓட்டை கறுத்தப் புள்ளி மாதிரித் தெரியும். அச்சுப் பிழை எண்டு நினைப்பினம். பல்லைப் போட்டுவிடுங்கோ."

கலிஸ்ரா பக்கத்துப் பல்லைப் பிரதியெடுத்து இரண்டு இடத்திலும் ஒட்டினாள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. பிறகு யோகலிங்கம் வந்து முகத்தைக் கொஞ்சம் வெளுக்கச் சொன்னார். அதையும் செய்தாள். மூன்றாம் நாள் அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "கண்ணில ஒரு துளி கண்ணீர் வையுங்கோ. கீழ 'சுனாமி அம்மா' எண்டு எழுதுவம்," என்றார்.

"அவா அழேல்லை ஐயா. சிரிக்கிறா."

"சிரிக்கிற படம் எல்லாப் பைக்கற்றிலயும் கிடக்கு. வெளிநாட்டுச் சனத்துக்கு மனம் இளகவேணும். பிள்ளையைப் பறிகுடுத்த மனிசிதானே?"

செத்த பிள்ளையை வைத்துக் கருவாடு விற்கும் கதையை அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தபடி சொன்னார். கலிஸ்ரா மவுஸைத் தள்ளி வைத்தாள். "என்னால ஏலாது," என்று எழும்பி, அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினாள்.

ஒரு மாதம் கழித்து, கருவாடு அடைப்பதற்கான வெறும் பைக்கற்றுகள் லொறியில் கரைக்கு வந்து இறங்கின. கலிஸ்ரா ஒரு கட்டைப் பிரித்தாள். வெள்ளைவெளேரென்ற முகம், கன்னத்தில் நெல்லிக்காய் அளவில் நீலத் துளி. அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டே அழுதது அது.

றோஸ்மேரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணீரைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்து, முதலாளியைத் திட்டுவதற்குக் கலிஸ்ரா வாயெடுத்தாள்.

"எடி, என்ர பல்லுக்கு என்ன செய்தனி?"

"அக்கா, கண்ணீர் அவங்கட வேலை..."

"அது தெரியுது. பல்லு?"

"அது நான்தான். வடிவா இருக்கும் எண்டு..."

றோஸ்மேரி ஏசவில்லை. பைக்கற்றைக் கீழே வைத்துவிட்டு, ஊத்தை ஏதோ ஒட்டிக்கொண்டதுபோலக் கையை மணலில் தேய்த்தாள். "இதுக்குள்ள நான் கருவாடு போடமாட்டன்," என்று எழும்பினாள். மற்றப் பெண்களும் எழும்பினார்கள். லொறி வந்த கட்டுகளோடேயே திரும்பியது. கருவாட்டை வழமைபோலச் சந்தையில் நிறுத்து விற்றார்கள். வேறொரு கரையின் கருவாட்டை அதே பைக்கற்றில் அடைத்து யோகலிங்கம் விற்பதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள்.

ஆடி மாதத்தில் செல்வராசா தெரிந்த ஒருவரிடம் கடிதம் கொடுத்துவிட்டிருந்தார். கடையில் வேலை இருக்கிறது, உங்கள் கைக்கு மவுஸ் நன்றாக வருகிறது, வாருங்கள் என்று எழுதியிருந்தார். கலிஸ்ரா அதை றோஸ்மேரிக்கு வாசித்துக் காட்டினாள்.

"போவனடி. நல்ல வேலைதானே," என்றாள் றோஸ்மேரி.

"அங்க போனா இன்னும் ஆருக்காவது பல்லுப் போடச் சொல்லுவினம் அக்கா."

"சொன்னா, போடுவியோ?"

கலிஸ்ரா கடிதத்தை மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள். பதிலும் எழுதாமல், கிழித்தும் போடாமல் மூன்று கிழமை அந்தக் கடிதத்தை வைத்திருந்தாள். ஆவணியில் திரும்பவும் யுத்தம் தொடங்கி, வவுனியாவுக்குப் போகும் பாதை பூட்டுப்பட்டது.

கடை வேலையைக் கலிஸ்ரா மானத்தோடு மறுத்துவிட்டதாக ஊரில் ஆக்கள் கதைக்கும்போதெல்லாம் அவள் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவாள். பாதை திறந்திருந்தால் போயிருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.