நான் ஓங்கிய ஸ்பேனர்

எம்.பி.ஏ. நேர்முகத் தேர்வுக்காக மறுநாள் காலை நான் சென்னைக்குப் பறக்க வேண்டும். அதற்குள் எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் நின்ற பயணிகள் கப்பலின் இஞ்சின் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். நான் இஞ்சினியர். ஃபிட்டர் செல்வம் கராச்சர்மா பள்ளியில் என்னோடு படித்தவன். மற்றவர்கள் முன்னால் என்னை ‘சாப்’ என்பான். தனியாக இருந்தால் ‘டேய்’தான்.

இஞ்சின் அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.

“நை டா, ஓட்டக் கூடாது. டீசல் பைப்புல வெடிப்பு இருக்கு” என்றான்.

“நான் மெயின்லேண்ட் போறது உனக்குப் பொறுக்கலையா?”

கையிலிருந்த ஸ்பேனரால் ஓங்கி அடித்தேன். அவன் நெற்றி பிளந்தது. விழுந்தவனை விலாவில் உதைத்தேன். எழுந்தவன் திருப்பி அடிக்கவில்லை. என் கையை இழுத்துப் பைப்பின் அடியில் அழுத்தினான். விரலெல்லாம் டீசல்.

சத்தம் கேட்டுக் கேப்டன் ஓடிவந்தார்.

“ஸ்பேனர் வழுக்கிடுச்சு, சாப்” என்றான் செல்வம், ரத்தத்தைத் துடைத்தபடி.

அன்றிரவே பைப்பை மாற்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். சென்னையில் நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்: “உங்களுக்குக் கீழே இருப்பவர் சொன்னதைச் செய்ய மறுத்தால்?”

“அடிப்பேன். அடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

இஞ்சினியரிங் மீதுள்ள பிரியத்தால் திரும்பிவிட்டேன் என்று வீட்டில் பெருமைப்படுகிறார்கள். நானும் மறுப்பதில்லை.

அதே இஞ்சின் அறையில், இருவர் மட்டும் இருக்கும்போதும், செல்வம் இப்போது என்னை ‘சாப்’ என்றுதான் கூப்பிடுகிறான்.