நீலத் தொட்டிக்குள் ஒரு கை

கடல் தொட்டிக்கு விளக்குக் கட்டுகிறவன், ஒன்றுக்கொன்று ஆகாத மின்சாரத்தையும் உப்புத் தண்ணீரையும் ஒரே கூரைக்குள் குடிவைத்துவிட்டு, இரண்டும் சண்டை போடாமல் காவல் இருக்கிறவன்.

ஏணியும் பையுமாக அடுத்தவர் வீட்டுக்குள் போய் வேலை பார்க்கிற எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். குழாய் வேலையோ ஏசி வேலையோ, நம்மை எந்த வாசல் வழியாக உள்ளே விடுகிறார்கள் என்பதை வைத்தே வீட்டை எடைபோட்டுவிடுவோம். நான் ஆலையில் எலெக்ட்ரீசியனாக இருந்தவன். சங்கத்தில் முன்வரிசை. வாசல் கூட்டம், உண்ணாவிரதம், சிறை எல்லாம் பார்த்தாயிற்று. பள்ளிக்கூடம் கொஞ்சம்தான், மிச்சத்தைத் துண்டுப் பிரசுரங்கள் படிப்பித்தன. கடைசியில் ஆலையை மூடினார்கள். என் பின்னால் கோஷம் போட்டவர்கள் இன்று அதே இடத்தில் எழும்பியிருக்கும் அடுக்குமாடிக்குக் காவல் நிற்கிறார்கள். நானோ எல்.இ.டி. சில்லுகளை அலுமினியப் பட்டையில் பற்றவைத்து, வசதிக்காரர்கள் வீட்டுப் பவளங்களுக்குச் சூரியன் செய்து கொடுக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் ஒரே வீட்டில் நடந்தவை.

எதிர்க்கட்சி வக்கீல்

கூப்பிட்டவர் பாளையங்கோட்டை நெல்லைநாயகம். எங்கள் வேலைநிறுத்தத்தின்போது ஆலை நிர்வாகத்துக்காக வாதாடிய வக்கீல். நாங்கள் எதைக் கேட்டாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "சட்டத்துல எடமில்ல" என்பார். அந்தக் குரலை ஃபோனில் கேட்டதுமே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "எம் மகன் வச்ச தொட்டி, செத்துக்கிட்டிருக்கு" என்றார். போனேன்.

ஹாலின் ஒரு சுவர் முழுக்கத் தொட்டி. பழைய விளக்குகள் பழுதாகி, பவளங்கள் நிறமிழந்து கிடந்தன. வைத்தவன் அவருடைய ஒரே மகன் குமரேசன். கடல் உயிர்களைப் படித்தவன். புன்னக்காயலுக்கு அப்பால் படகில் போய்க் கடலுக்குள் முங்கியவன் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சுவரில் அவன் படம் இருந்தது, மாலை இல்லை. அவர் மனைவி கோமதி அம்மாள் மாலை போட விடவில்லையாம். எனக்கு யாரையும் 'சார்' என்று கூப்பிட வராது. "அண்ணாச்சி, செய்து தாரேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தலைவரே, அன்னைக்கு உம்ம ஆலை வெளக்க அணைச்சவன் நான்தான், இன்னைக்கு எம் வீட்டு வெளக்க நீரு வந்து ஏத்தும் வே."

தண்ணீர் வரும் இடம்

அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவன் புன்னக்காயல் சேவியர். பாக்கெட் உப்பைக் கரைத்துக்கொள்ளலாம், இவ்வளவு தூரம் டிரம்மில் சுமக்க வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். கோமதி மதினி கேட்கவில்லை. ஆறு வந்து கலக்கிற முகத்துவாரத்துத் தண்ணீரும் கூடாது. அதைத் தாண்டிப் படகில் போய், மகன் முங்கின இடத்திலேதான் மொண்டு வர வேண்டும். சேவியருக்கு அந்த இடம் தெரியும். தேடப்போன படகுகளில் அவன் படகும் ஒன்று.

டிரம்களை இறக்கிவிட்டு அவன் என்னோடு டீ குடித்தான். தண்ணீரைத் தொட்டியில் விடும்போது மதினி பக்கத்திலேயே நின்று, விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். விருந்தாளி இறங்கி வருவதைப் பார்க்கிற மாதிரி. "அந்த அம்மா பாக்கது எனக்கு ஒரு மாதிரி இருக்குடே" என்று சேவியரிடம் சொன்னேன். அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, அங்கன மோட்டாரப் போட்டுட்டு நான் ஹோஸ் வாயப் பாக்கவே மாட்டேன், என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?"

அணைத்த பிறகும்

புது விளக்கை ஒரேயடியாக முழு வெளிச்சத்தில் விடக் கூடாது. நிழலில் கிடந்த பவளம் வெளுத்துச் செத்துவிடும். குறைவாக ஆரம்பித்து, வாரக்கணக்கில் பையப் பைய ஏற்ற வேண்டும். காலையில் நீலம், பிறகு வெள்ளை, சாயங்காலம் மறுபடி நீலம் மட்டும், அப்புறம் இருட்டு. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பவளங்களில் நிறம் ஏறியது. ஒருநாள் வக்கீல் கூப்பிட்டு, விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்றார்.

மத்தியானத்தில் போய், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, சுவிட்சை அணைத்தேன். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தெரிந்தது. பட்டை நெடுக, நீறு பூத்த கங்கு மாதிரி ஒரு நீலம். வெளிச்சம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நீலத்துக்கே பவளங்களின் நுனிகள் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன. மீன்கள் அசையாமல், எல்லாம் ஒரே பக்கமாக, இடது மூலையைப் பார்த்து நின்றன.

காரணம் சாதாரணமானது. வீட்டுக்கு வயர் இழுத்த புண்ணியவான் சுவிட்சை மின்சாரம் வருகிற கம்பியில் போடாமல், திரும்பிப் போகிற நியூட்ரலில் போட்டிருந்தான். அணைத்தாலும் விளக்கு வரைக்கும் மின்சாரம் வந்து நிற்கும். சில்லுகள் அதில் லேசாகக் கனியும். வயரை மாற்றிக் கொடுத்தேன். நீலம் போய் நிஜ இருட்டு வந்தது. இத்தனை நேரமும் மதினி என் பின்னால்தான் நின்றிருக்கிறார். அது அவர் பேசும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அது போனாப் போவுது அண்ணாச்சி, வெளிச்சம் இல்லாமலே அவனுக்கு எங்கையப் புடிக்கத் தெரியும்."

செருப்பு

என்ன சங்கதி என்று மதினியைக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். தினமும் சாயங்காலம் விளக்கு அணைந்ததும் இடது மூலையில் கையை விடுவார். குமரேசன் பிடிப்பான். சில நாள் லேசாக, சில நாள் வெடுக்கென்று இழுப்பான். வக்கீல் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். அவரும் கையை விட்டுப் பார்த்தவர்தான். அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. நானும் வேலை தொடங்கியதிலிருந்து அந்தத் தண்ணீரில் எத்தனையோ தடவை கையை விட்டிருக்கிறேன். ஒன்றும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனசு, என்னத்தையும் நினைக்கும் என்று விட்டுவிட்டேன்.

மதினி என் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு. வேலை நேரத்தில் நான் அதைக் கழற்றுவதில்லை. கரண்டு ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் மேனேஜர் அறைக்கு வெளியே தொழிலாளி செருப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. அதை எதிர்த்து நின்றவன் நான். அதற்கப்புறம் எவன் வீட்டு வேலைக்கும் செருப்போடுதான் போவேன், வேண்டாம் என்றால் வேறு ஆளைப் பார்க்கட்டும். வக்கீலும் முழங்கால் வலிக்காக வீட்டுக்குள் செருப்புப் போடுகிறவர்.

"நான் பூசை ரூமுக்குப் போற மாதிரி கழட்டிட்டுத்தான் நிக்கேன் அண்ணாச்சி. நீங்களும் கழட்டிட்டு வாங்க" என்றார்.

கழற்றினேன். தொட்டியடியில் சிந்திய ஈரம் உள்ளங்காலில் பட்டது. இடது மூலையில் கையை விட்டேன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஏதோ ஒன்று கவ்வி இழுத்தது. பிடுங்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். அது கசிகிற மின்சாரம் என்று அடுத்த மூச்சில் புத்திக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தின மூச்சில் நான் உணர்ந்தது விரல்கள். என் கையை அறிந்துகொள்ளப் பார்க்கிற விரல்கள். மதினி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"உங்களையும் புடிச்சிட்டாம்லா, இனி யாரும் என்னயப் பைத்தியம்னு சொல்ல முடியாது."

வக்கீலின் கேள்வி

மீட்டரை எடுத்துத் தண்ணீருக்கும் தரைக்கும் நடுவே வைத்தேன். எண்கள் எகிறின. இடது மூலையில் பாறைக்குப் பின்னால் குமரேசன் வைத்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உறை கீறியிருந்தது. அவன் தெரிந்தவன்தான், தண்ணீருக்குள் எர்த் கம்பியும் இறக்கியிருந்தான். ஆனால் அந்தக் கம்பி போய்ச் சேருகிற எர்த் குழியின் மேல் டைல்ஸ் பதித்துக் கார் செட் போட்டுவிட்டார்கள். உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டிய குழி, எலும்பாகக் காய்ந்து கிடந்தது. கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக அந்த வீட்டில் இருந்த ஒரே வழி, வெறுங்காலோடு நின்ற அந்த அம்மாவின் உடம்புதான்.

வக்கீலைக் கார் செட்டுக்கு அழைத்துவந்து சொன்னேன். இன்றைக்கு இழுக்கும், உறை இன்னும் கொஞ்சம் கீறினால் பிடித்த கையை விடாது. ஒருநாள் சாயங்காலம் மதினி கையைத் தொட்டிக்குள் விட்டபடியே கிடப்பார். மோட்டாரை இப்போதே எடுக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. கூட்டத்தில் இந்த மனிதரை எத்தனை ஏசியிருக்கிறேன். என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"அவ ரெண்டு வாய் சோறு திங்கதே அவன் கையத் தொட்ட பொறகுதான் வே, அதையும் புடுங்குததுக்கு எந்தச் சட்டத்துல எடமிருக்கு, சொல்லும்."

பூஜ்யம்

மதினிக்குத் தெரியாமல் மோட்டாரை மாற்றிவிடலாம். வேறு ஆளாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பான். போராட்டம் தோற்றுவிட்டது என்பதையே, வேறு யாரையும் அனுப்பாமல் ஆலை வாசலில் நின்று நேராகச் சொன்னவன் நான். மதினியிடமும் நேராகச் சொன்னேன். மோட்டார், கீறல், குழி எல்லாவற்றையும்.

"அந்த மோட்டாரு அவன் வச்சதுதானே?"

"ஆமா மதினி."

"அப்ப அது அவன் கைதானே?"

"மதினி, நீங்க இங்கன விழுந்தா அண்ணாச்சி ஓடிவந்து தூக்குவாரு. அவரும் ஒட்டிக்கிடுவாரு. கடலு ஒரு ஆள எடுத்தது போதாதா?" என்றேன். அவர் கணவரைப் பார்த்தார். பிறகு தொட்டியை விட்டு விலகி நின்றார்.

பழைய மோட்டாரை எடுத்து மதினி கையிலேயே கொடுத்தேன். கார் செட்டு டைல்ஸை உடைத்து, குழிக்கு உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் விட்டோம். கசிவு வந்தால் தானே அறுத்துக்கொள்கிற சுவிட்சையும் மாட்டினேன். தொட்டியின் நாலு மூலையிலும் மீட்டரை வைத்தேன். பூஜ்யம். புது மோட்டாரை இன்னும் ஓட்டவில்லை. தண்ணீர் கண்ணாடிப் பலகை மாதிரி நின்றது.

சாயங்காலம் வெள்ளை போய், நீலம் போய், இருட்டானது. மதினி வெறுங்காலோடு வந்து கையை விட்டார். வக்கீல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி அழுகை வரும், அதற்கு நான்தான் பொறுப்பு என்று காத்திருந்தேன். தெருவிளக்கு கொஞ்சம் உள்ளே அடித்தது. அதில் பார்த்தேன். மணிக்கட்டு வரை இருந்த தண்ணீர் பைய முழங்கைக்கு ஏறியது. அவர் குனியவில்லை. தோள் மட்டும் இறங்கியது, யாரோ பிரியமாகக் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற மாதிரி. என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தேன். அதன் கம்பி தண்ணீருக்குள்தான் இருந்தது. பூஜ்யம். மதினி திரும்பாமலே கேட்டார்.

"முன்னயெல்லாம் வெடுக்குனு இழுப்பான், இன்னைக்குப் பையப் புடிச்சிருக்கான், நீங்க அவங்கிட்ட என்ன சொன்னிய அண்ணாச்சி?"

போலீஸ் தடிக்கு முன்னால் ஓடாதவன் என்று இன்னும் ஊரில் எனக்குப் பேர் இருக்கிறது. ஆனாலும் அந்த வீட்டுக்கு விளக்குத் துடைக்கப் போனால், மீட்டர் என்ன காட்டினாலும் நான் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டியில் கையை விடுகிறேன்.