லிஸ்பனுக்கு யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள்?

இன்று கிழக்கேகோட்டை பஸ்ஸில் எங்கள் தெரு மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ பாக்கியசாலிடீ! ஆத்துக்காரர் லிஸ்பன் கான்ஃபரன்ஸுக்கு உன்னையும் கொழந்தையையும் கூட்டிண்டு போறாராமே!"

நான் மாமி பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"மாமி, கான்ஃபரன்ஸ் எனக்காக்கும். கடலரிப்பைப் பத்திப் பேசப்போறது நான். கொழந்தையைப் பார்த்துக்கத்தான் அவர் லீவு போட்டுண்டு வரார்."

மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படியா? நேத்து கோவில் வாசல்ல எல்லார்கிட்டயும் அவரே சொன்னாரே!"

வீட்டுக்கு வந்து கேட்டேன். என் கணவர் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னார்: "கொழந்தையைப் பார்த்துக்கப் போறேன்னு நாலு பேர் நடுவுல எப்படிச் சொல்றது?"

கடலரிப்பு பற்றிக் கேள்வி இருப்பவர்கள் கமெண்டில் போடுங்கள். லிஸ்பன் மேடையில் அவரே பதில் சொல்வார்.