பொருள்: ரேடியோ மெக்கானிக் பிரிவில் பெண்கள்

அரசு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தை மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முப்பது நாளுக்குள் தர வேண்டும். எந்த விதியின் கீழ் மறுக்கிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். விதியின் எண்ணும் உட்பிரிவும் எனக்கு மனப்பாடம். சொன்னால் கொட்டாவி விடுவீர்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

போன வாரம் என் கைபேசியில் சார்ஜ் ஏறவில்லை. உழவர்கரையில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். நுழைந்ததுமே உருகிய ஈயத்தின் வாசனை. பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து சால்டரிங் செய்துகொண்டிருந்தது இருபது வயதுப் பெண். எனக்கு முன்னால் வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?" என்றார். அவள் நிமிரவேயில்லை.

"ஒங்க போனு ஆம்பளைங்ககிட்ட மட்டுந்தான் பேசுமாண்ணே? குடுத்துட்டு உக்காருங்க."

கொடுத்தார். உட்கார்ந்தார்.

அந்த வாசனையை எனக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். வைத்திக்குப்பத்தை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கடலுக்குப் போகிறவர்கள் வானிலை கேட்க டிரான்சிஸ்டர் வைத்திருப்பார்கள். உப்புக்காற்றில் பேட்டரி மாட்டும் சுருள்கம்பி பச்சை பூத்துவிடும். புளியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் பாதி ரேடியோக்கள் பேசிவிடும். மீதிப் பாதியைத் திறந்து, அறுந்த கம்பியைத் தேடி ஈயம் வைப்பேன். கூலி, சங்கரா மீன். மூடும்போது எப்போதும் ஒரு திருகாணி மிஞ்சும். அது எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ரேடியோக்கள் என்னவோ பாடின.

ஆகவே, தொழிற்பயிற்சி நிலையத்தில் ரேடியோ மெக்கானிக் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த குமாஸ்தா பிரெஞ்சுக்காரன் காலத்து ஆள். சட்டைக் கஞ்சியும் பேச்சும் ஒரே விறைப்பு; கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சில்தான் கூப்பிடுவார்.

"மத்மொசேல், இது பசங்க படிக்கிறது. டைப்ரைட்டிங் இருக்குதே, கை நோவாது."

"பசங்க மட்டும்னு அறிவிப்புல போடலியே சார்."

"பட்டறையில பொம்பளைங்களுக்கு கக்கூசு இல்லம்மா. அதான் ரூலு."

"அத எழுதிக் குடுங்க."

"கக்கூசு இல்லன்னு எழுதிக் குடுக்கறதா?" என்று சிரித்துப் படிவத்தைத் தள்ளிவிட்டார். முத்திரை விழவில்லை. அதாவது, அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் அங்கே போகவேயில்லை.

வெளியே சைக்கிளோடு நின்ற அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. விஷயத்தைச் சொன்னேன். "எங்க மில்லுல அவ்ளோ பொம்பளைங்க வேல செய்யிறாங்களே, அங்க இன்னா பண்றாங்களாம்?" என்றார். இதைவிட நல்ல மேல்முறையீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அவரும் உள்ளே போய்க் கேட்கவில்லை.

டைப்ரைட்டிங் கற்றேன். கை நொந்தது. அரசு வேலை கிடைத்தது. அங்கேதான் குமாஸ்தாவின் ரகசியம் புரிந்தது: தபால் பதிவேட்டில் ஏறாத காகிதம் பிறக்காத பிள்ளை. வாயால் மறுத்துவிட்டால் கேட்பாரில்லை. முதல் வேலையாக அந்தப் பயிற்சி நிலையத்துக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: ரேடியோ மெக்கானிக் பிரிவில் பெண்கள் சேரலாமா? சேரக்கூடாதென்றால் எந்த விதிப்படி?

பதில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை அறிவிப்பு வந்த அன்றே ஒரு நினைவூட்டு எழுதினேன். எனக்கு வயது வரம்பு தாண்டியது, கேள்விக்குத் தாண்டவில்லை. 'பார்வை' என்று முந்தைய கடிதங்களைப் பட்டியலிடும் பகுதி கடிதத்தைவிட நீளமாகிவிட்டது. "மேடத்தோட லவ் லெட்டர் கெளம்பிடுச்சா?" என்று பக்கத்து மேசை தணிகாசலம் வருடாவருடம் கேட்பார். வருடாவருடம் சிரிப்பார்.

கடைசியில் நடந்தது எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. பதினோராவது நினைவூட்டு துறை துறையாகச் சுற்றி, 'தக்க பதில் அனுப்பவும்' என்ற குறிப்போடு என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

"சேரலாம்னு டைப் அடிச்சி கையெழுத்துக் கட்டு நடுவுல சொருவிடுங்க மேடம்," என்றார் தணிகாசலம். "சாப்பாட்டு நேரத்துல அதிகாரி இன்னாத்த படிக்கப் போறாரு."

கை துறுதுறுத்தது உண்மை. ஆனால் அப்படி வாங்கிய பதிலை நாளைக்கே ஒருவன் செல்லாது என்பான்; மறுபடியும் ஒரு பெண் கவுண்டரிலிருந்து திரும்புவாள். 'கேட்டவள் நானே, கோப்பை வேறொருவர் கையாளட்டும்' என்று குறிப்பெழுதி, எல்லா ஒப்புகை அட்டைகளையும் கோத்து, அதிகாரியிடம் நேரில் வைத்தேன்.

அவர் புரட்டினார். "கூடாதுன்னு எழுதி முடிச்சிட்டா?"

"எழுதலாம் சார். காரணம் போட்டு நீங்க கையெழுத்துப் போடணும்."

"இன்னா காரணம்?"

"கக்கூசு சார்."

பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்தக் காரணத்துக்குக் கீழே தன் பெயரைப் போட அந்தக் கட்டடத்தில் ஒருவரும் தயாரில்லை என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

உழவர்கரைக் கடைப் பெண் என் கைபேசியை நீட்டினாள். எங்கே படித்தாய் என்றேன். அதே நிலையம்.

"சீட்டு கேட்டப்ப ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"இன்னா சொல்லுவாங்க ஆண்ட்டி? சர்டிபிகேட் கேட்டாங்க, குடுத்தேன்."

கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க நானும் முயலவில்லை. டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன. ரேடியோ மெக்கானிக் என்ற பிரிவே இன்று இல்லை. அப்பா இல்லை, கஞ்சிச் சட்டைக் குமாஸ்தா இல்லை. என் இடம் எனக்குக் கிடைக்கவேயில்லை. அதை மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

அன்று என் கேள்விக்கு வந்த பதில் ஒரே வரிதான்: 'பெண்கள் சேர விதிகளில் தடை ஏதுமில்லை.' நன்றிக் கடிதம் எழுதவில்லை. நகலெடுத்து, ஊரிலுள்ள பெண்கள் பள்ளி ஒவ்வொன்றுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டையோடு. அந்த வரி என் கைக்கு வந்தது, வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரி முடிந்து தெருவெல்லாம் கடல்மணல் கிடந்த காலையில், மாசி மகத்துக்கு மறுநாள்.